தூங்கி வந்த கண்

எங்கள் ஆஸ்பத்திரியில் கருவிழி அளக்கும் அறைக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்காருகிறவர்கள் கண்ணை மூடக் கூடாது. இமைக்கலாம், ஆனால் மூடி வைக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. இரண்டு மணி நேரம் அப்படி இருந்த பிறகுதான் உள்ளே கூப்பிடுவார்கள். நடுவில் தூங்கி விழுந்தால் நர்ஸ் வந்து தோளைத் தட்டுவாள், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. போன மாதம் பழைய சிநேகிதி ஒருத்தியின் பிரிவுபசார விருந்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கையில் கட்லெட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், இந்த பெஞ்சு ரூல் கொண்டுவந்தது நீங்களாமே? பேஷண்ட்ஸ் எல்லாம் எங்களெயாணு வழக்கு பறயுந்நது. புது மெஷின் கண்ணைத் தொடாமலே ஒரு செகண்ட்ல அளவு எடுக்கும். அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரம்?" என்றாள். திட்டு வாங்குவது அவர்கள் என்பது உண்மைதான். "மெஷின்தான் புதுசு மோளே, கண்ணு பழைய கண்ணுதான்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கட்லெட் தின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை இது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

என் பெயர் ரெஜினா. எல்லையோரக் களியக்காவிளைக்காரி. சர்ச்சில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் இரண்டும் கலந்த ஒன்று. நாகர்கோவிலில் கண் பரிசோதனைப் படிப்பு படித்தேன், கொஞ்ச காலம் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தேன், கல்யாணம் ஆகித் திருவனந்தபுரம் வந்த பிறகு இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். படித்ததைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது. கற்றுக்கொண்டதெல்லாம் டாக்டர் ஜெயலட்சுமியிடம்.

அவர் ஸ்ரீவராகத்துக்காரர், திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் பிராமணர். வீட்டுத் தமிழை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவர மாட்டார். நோயாளிகளிடம் மலையாளம், மற்ற டாக்டர்களிடம் இங்கிலீஷ். ஏதாவது தப்பாகப் போனால் மட்டும் தமிழ் வரும். "ரெஜினா, சித்த இங்க வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். குரல் உயராது. மரியாதை கூடும். எவ்வளவு கோபமோ அவ்வளவு மரியாதை. சீனியர் நர்ஸ் ஒருத்தி, "அம்மா போங்கோ வாங்கோன்னா நான் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்குவேன்" என்பாள்.

அப்போது கருவிழியின் தடிமனை அளப்பதற்குப் பேனா மாதிரி ஒரு கருவிதான். முனை கண்ணில் படும். மரத்துப்போவதற்குச் சொட்டு மருந்து விட்டு, நோயாளியை மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, கருவிழியை நேர் செங்குத்தாகத் தொட வேண்டும். முனை சாய்ந்தால் அளவு கூடிக் காட்டும். அழுத்தினால் குறைத்துக் காட்டும். தொட்டதும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் இருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு மூன்று தடவை எடுத்தேன். மூன்றும் ஒரே எண். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணும் ஒண்ணா வந்திருக்கே ரெஜினா. உயிருள்ள கண்ணு அப்படி வராதே. என்ன பண்ணிண்டிருந்தேள்?"

முதலில் வந்த எண்ணே வரும்வரை முனையை அழுத்தியதை ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் போய் நோயாளியின் படுக்கையில் படுத்துக்கொண்டார். "என் கண்ணுல எடுங்கோ" என்றார். என் கை நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை எடுக்க வைத்தார். அடுத்த நாளும் வந்து படுத்தார். அதற்கடுத்த நாளும். ஒரு பெரிய டாக்டர், ஓபி திறப்பதற்கு முன்னால் வந்து, நேற்று சேர்ந்த பெண்ணுக்குத் தன் கண்ணைத் திறந்து காட்டிக்கொண்டு கிடந்தார். அதன் பிறகு அவர் என்னை ராத்திரி முழுக்க வேலை செய்யச் சொன்னாலும் செய்திருப்பேன்.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். கெரட்டோகோனஸ் என்று ஒரு நோய். கருவிழி நாளுக்கு நாள் மெலிந்து, முன்னால் கூம்பாகத் தள்ளிக்கொண்டு வரும். சின்ன வயதில் வரும். கண்ணைக் கசக்கக் கசக்க அதிகமாகும். ஒரு விளக்கு மூன்று விளக்காகத் தெரியும், கண்ணாடி போட்டாலும் சரியாகாது. அதை நிறுத்த ஒரு சிகிச்சை வந்திருந்தது. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு வைட்டமின் சொட்டு மருந்தை ஊற வைத்து, மேலே ஊதா ஒளி அடிப்பார்கள். கருவிழி இறுகிவிடும். மேற்கொண்டு கூம்பாது. நம் ஊர்க் கண்களுக்கு அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக எங்கள் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடந்தது. சேருகிறவர்களுக்கு எல்லாம் இலவசம்.

சேருவதற்கு ஒரு தடை உண்டு. கருவிழி மிக மெலிந்த இடத்தில் நானூற்றைம்பது மைக்ரான் இருக்க வேண்டும். மேல்தோலை எடுத்தால் ஐம்பது போகும், மீதி நானூறு. அந்த நானூறும் இல்லையென்றால் ஒளி கருவிழியைத் தாண்டி அதன் உள்பக்கச் செல்களைச் சுட்டுவிடும். அந்தச் செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. கருவிழி தண்ணீரைக் குடித்து வெளுத்துப் போகும். நோயை நிறுத்தப் போய்க் கண்ணையே கெடுத்த கதையாகிவிடும். அதனால் அந்த அளவு எங்களுக்கு வேதவாக்கு. அளக்கிற ஆள் நான். அன்று காலை என் அறையில் அளவு சரியாக வந்தால் அன்றே ஆபரேஷன் தியேட்டர், இல்லையென்றால் வீடு.

மாரியப்பன் முதலில் வந்தது ஒரு சாயங்காலம், வேலை முடிந்து நேராக. தலையெல்லாம் சிமெண்ட் தூசி. தென்காசிப் பக்கத்துப் பையன், விழிஞ்ஞத்தில் வாடகைக்கு இருந்தான். துறைமுகம் வந்த பிறகு அந்தப் பக்கம் எழும்பிய கட்டிடங்களில் டைல்ஸ் போடுகிற வேலை. டைல்ஸ் வெட்டுகிற தூசி கண்ணில் விழும், கசக்குவான், விழும், கசக்குவான். இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. கருவிழி கூம்பிக் கூம்பி ஒருநாள் உள்ளே கிழிந்து, தண்ணீர் கோர்த்து, வெள்ளையாகத் தழும்பாகிவிட்டது. மிச்சம் இருந்தது வலது கண். அதுவும் கூம்பத் தொடங்கியிருந்தது. அன்று நான் அளந்தபோது நானூற்று முப்பத்தெட்டு வந்தது. டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவன் எழுந்து போனான்.

ஒரு மாதம் கழித்து, காலையில், மனைவியோடு வந்தான். இன்னொரு தடவை அளந்து பார்க்கச் சொல்லி வெளி வரிசையில் பெயர் கொடுத்திருந்தான். சரி, வந்தவனை ஏன் விரட்ட வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டேன். அளவு நானூற்று ஐம்பத்துமூன்று.

மறுபடி எடுத்தேன். ஐம்பத்தொன்று. மறுபடி. ஐம்பத்துநான்கு.

இந்த நோயில் கருவிழி மெலியும். தடித்ததாக நான் கேட்டதில்லை. கருவியைத் துடைத்து, சோதனைக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். கருவி சரியாக இருந்தது. என் கை சாய்ந்ததா என்று யோசித்தேன். அதுவும் இல்லை. "எத்தனை மணிக்கு எந்திரிச்சே?" என்று கேட்டேன். ஆராய்ச்சி விதிப்படி அதைக் கேட்க வேண்டும், தூங்கி எழுந்த உடனே கருவிழி கொஞ்சம் ஊதியிருக்கும் என்பதால்.

"அஞ்சு மணிக்குக்கா" என்றான்.

மணி அப்போது பத்தைத் தாண்டியிருந்தது. ஊதியிருந்தாலும் வடிந்திருக்க வேண்டும். தியேட்டரிலிருந்து போன் வந்தது. ஜூனியர் டாக்டர் பேசினார், எண்களைச் சொன்னேன். ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் போதவில்லை என்று அவருக்குக் கவலை. "ரெஜினா சேச்சீ, ரூல்படி பாஸ் ஆயில்லே? பின்னெ எந்தா தாமசம்? ஆளை அனுப்புங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, அளக்க வேண்டியதை அளந்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் என்னை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அவன் வலது இமையைப் பார்த்தேன். இமை மேல் துணியின் நெசவு பதிந்திருந்தது, சின்னச் சின்னக் கட்டமாக. ஈரத் துணியை நெடுநேரம் இறுக்கிக் கட்டினால் வருகிற தடம். போனை வைக்காமலே, "பெரிய டாக்டரிடம் கொடுங்கள்" என்றேன்.

டாக்டர் ஜெயலட்சுமி வந்தார். எண்களைச் சொன்னேன், துணித் தடத்தைச் சொன்னேன். குனிந்து அவன் இமையைப் பார்த்தார்.

"ஆளை உக்கார வைங்கோ ரெஜினா" என்றார். "கண்ணை மூட விடாதேங்கோ. கால் மணிக்கொரு தரம் எடுத்துண்டே இருங்கோ. நான் சொல்ற வரைக்கும் யாரையும் அனுப்பாதேங்கோ."

தமிழ்.

மாரியை எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தேன். "கண்ணை மூடாத கேட்டியா. என் மொகத்தைப் பாத்துட்டு இரு" என்றேன். "ஏன்க்கா, பாஸ்தான?" என்றான். கருவியின் முனையைத் துடைத்து வைத்தேன். அவன் தொடையில் கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அழத் தோன்றாத, சிரிக்கத் தோன்றாத ஒரு முகம். முதல் தடவை எடுத்தபோது நானூற்று ஐம்பது வந்தது. எண்ணைக் கருவியின் திரையில் அவனும் பார்த்தான். இடது கண் தெரியாது, வலது கண்ணில் எல்லாம் மூன்றாகத் தெரியும், ஆனால் அந்த எண்ணை மட்டும் எப்படியோ படித்துவிட்டான்.

"அம்பது வந்துட்டுல்லா. போதும்லா?"

"இரு."

அடுத்த தடவை நாற்பத்தாறு. அவன் உதட்டைக் கடித்தான். மறுபடி மறுபடி இமைத்தான். இமைப்பதுபோல் மூடி வைக்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். "எலே, என்னை ஏமாத்தாத" என்றேன். அப்போதுதான் உடைந்தான்.

"அக்கா, நானும் அளவு வேலைக்காரன்தான். ஒரு எம்எம் வெலகினாலே மேஸ்திரி பேத்தெடுத்துட்டு மறுபடி போடச் சொல்லுவாரு. நீங்க சொல்லுத மைக்ரான் ஒரு எம்எம்ல ஆயிரத்துல ஒண்ணுல்லா. அதுல நாலஞ்சு கொறையுதுன்னா எங் கண்ணை வேண்டாங்கீய?"

"டைல்ஸ் போட்டு முடிச்சிட்டுத் தட்டிப் பாப்பியா மாட்டியா?"

"பாப்பேன்."

"எதுக்கு? மேல பாத்தா நல்லாத்தான இருக்கும்?"

அவனுக்குத் தெரியும். அடியில் சிமெண்ட் பிடிக்காமல் வெற்றிடமாக இருந்தால் தட்டும்போது வேறு சத்தம் வரும். மேலே நிற்கிற ஆளின் கனத்தில் ஒருநாள் பிளக்கும்.

"உன் கண்ணும் இப்பம் அதுதான். மேல ஐம்பத்துமூணு, உள்ள ஒண்ணும் இல்ல. அந்த விளக்கு அடிச்சா உள்ள போய்ச் சுடும். சொல்லு. என்ன செஞ்சே?"

சொன்னான். போன தடவை காத்திருந்தபோது, பெரிய டாக்டர், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வராந்தாவில் போயிருக்கிறார். தூங்கும்போது கருவிழி தண்ணீர் குடித்து ஊதும், முழித்த பிறகு வடியும் என்று மலையாளத்தில் விளக்கியிருக்கிறார். சுவரோரம் உட்கார்ந்திருந்த டைல்ஸ் வேலைக்காரனுக்கு இது புரியும் என்று யார் நினைத்தார்கள்? வேலையிடத்தில் மலையாளம் கற்றிருந்தான். மனதில் பிடித்துக்கொண்டான். அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் உண்மை. பல் தேய்த்து, சாயா குடித்துவிட்டு, கண்ணை மூடி அதன்மேல் நனைத்த துண்டை மனைவியிடம் இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறான். கட்டிய துணியோடு பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, தன் பெயரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவிழ்த்திருக்கிறான்.

எனக்கு அவனை ஒரு அறை அறையலாம் போல் இருந்தது. அவன் மேல் எனக்கு எதற்காக அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெரியாமல் செய்கிறவனைத் திருத்தலாம். இவன் எங்கள் பாடத்தை எங்களைவிட ஒழுங்காகக் கேட்டிருக்கிறான், கேட்டதைக் கொண்டு தன் கண்ணுக்கே குழி வெட்டியிருக்கிறான்.

அதற்கடுத்த அளவு நாற்பத்தொன்று. பிறகு முப்பத்தொன்பது. பிறகு எடுத்ததும் முப்பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் அவனே படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்து தந்தான். கடைசித் தடவை எண்ணைப் பார்க்கவில்லை.

டாக்டர் தியேட்டர் உடையிலேயே வந்தார். திரையைப் பார்த்தார், நான் சொன்னதைக் கேட்டார். வராந்தாவில் எடுத்த பாடத்தைச் சொன்னபோது அவர் முகம் ஒரு நிமிஷம் வேறாகிவிட்டது. பிறகு அவனுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாரியப்பன், நீங்க பண்ணினது உங்க கண்ணுக்கு எவ்வளவு ஆபத்துன்னு ரெஜினா சொல்லியிருப்பா. இன்னிக்கு முடியாது. ஆனா உங்களை விட்டுட மாட்டேன். தண்ணியில கலந்த வேற ஒரு சொட்டு மருந்து இருக்கு. மெலிஞ்ச கண்ணை அதுவே ஊத வெச்சு, வெளிச்சம் அடிச்சு முடிக்கற வரைக்கும் அப்படியே வெச்சுண்டிருக்கும். நடு நடுவுல அளந்து பாத்துண்டே பண்ணலாம். இந்த ஆராய்ச்சில அது கிடையாது, கமிட்டில தனியா அனுமதி வாங்கி நானே பண்றேன். அடுத்த மாசம் வாங்கோ. அதுவரைக்கும் கண்ணைக் கசக்காதேங்கோ."

"சரிம்மா" என்றான். கையெடுத்துக் கும்பிட்டான்.

வெளியே அவன் மனைவி செல்வி தூணோரம் நின்றிருந்தாள். துண்டு இன்னும் ஈரமாக அவள் தோளில் கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "வரும்போது பஸ்ல கூட்டம்க்கா. அவிய கண்ணுல கட்டப் பாத்துட்டு ஒரு ஆளு எந்திரிச்சு எடம் குடுத்தாரு. கண்ணு தெரியாத ஆளுன்னு நெனச்சிட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு" என்றாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். நான் நல்ல காரியம் செய்த நிம்மதியில் அன்று மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். மறைப்பானேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தப் பெஞ்சும் விதியும் அடுத்த வாரமே வந்தன. அளவு எடுக்கும் முன் எங்கள் கண் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும். மேல்தோலை எடுத்த பிறகு தியேட்டரிலும் ஒரு தடவை அளக்க வேண்டும். டாக்டர் பாடம் எடுப்பதையும் அறைக்குள் மாற்றிக்கொண்டார்.

கமிட்டி அனுமதி ஒரு மாதத்தில் கிடைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டு அனுப்புவார்கள், பதில் போகும், இன்னொரு கேள்வி வரும். தாமதமாகிறது என்று சொல்ல மாரிக்குப் போன் செய்தேன். போன் அணைந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. வேலைக்காரப் பையன்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அவனே வருவான் என்று நினைத்தேன். அவன் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அனுமதியும் மருந்தும் வந்து சேர்ந்தபோது டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த டைல்ஸ் பையன் எங்க ரெஜினா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் விழிஞ்ஞம் பஸ் ஏறினேன். அவன் கொடுத்திருந்த விலாசம் மேட்டில் ஒரு லைன் வீடு. ஒரே சுவரில் வரிசையாகக் கதவுகள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நல்ல செய்தி கொண்டுபோகிறேன், திட்டிக்கொண்டே சொல்ல வேண்டும், இவ்வளவு நாள் வராததற்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

செல்வி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, நீங்களா? முடிஞ்சிட்டுக்கா. அவியளுக்கு எல்லாம் முடிஞ்சிட்டு. ஊருக்குப் போயிருந்தப்ப வேற ஒரு எடத்துல காட்டுனோம். அங்க பாஸ் ஆயிட்டாவ."

எந்த இடம் என்று நான் கேட்டேன், அவள் சொன்னாள், அதை இங்கே எழுத மாட்டேன். அவர்களும் அளந்துதான் பார்த்திருக்கிறார்கள். இவன் அங்கேயும் துண்டைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

மாரி உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். "யாரு?" என்றான். நான் அவனுக்கு எதிரே, வெளிச்சத்தில்தான் நின்றேன். "ரெஜினா" என்றதும் முகம் மலர்ந்தது.

"அக்கா, நானூத்தி அம்பத்தஞ்சு. நீங்க பாத்ததவிட ரெண்டு கூட. உடனே பண்ணிட்டாவ."

"இப்பம் எப்படி இருக்கு?"

"பொகை மாதிரி இருக்கு. மொதல்ல அப்பிடித்தான் இருக்கும், ஒரு மாசத்துல தெளிஞ்சிரும்னு சொன்னாவ. ரெண்டு மாசம் ஆச்சு. எனக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் தெளியும் போல."

"ஏன்டே, டாக்டர் அடுத்த மாசம் வான்னு சொன்னாங்கல்லா. அவங்க உனக்காக எத்தனை பேரிட்ட போய் நின்னாங்க தெரியுமா? ஏன் வரல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவன் கொஞ்சம் யோசித்தான். கோபமில்லாமல்தான் சொன்னான். "அக்கா, எல்லா எடத்துலயும் அடுத்த மாசம் வான்னுதான் சொல்லுவாவ. வேலைன்னு போய்க் கேட்டா காண்ட்ராக்டரும் அதத்தான் சொல்லுவாரு. ஆபீஸ்லயும் அதான். வேண்டாம்ங்கத யாரும் மொகத்துக்கு நேரா சொல்ல மாட்டாவ. அந்த அம்மா வேற அவ்வளவு மரியாதையா சொன்னாவ. எனக்கு அப்பமே விளங்கிட்டு."

நான் அவன் கண்ணாடியைக் கழற்றினேன். என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். பக்கவாட்டிலிருந்து அடித்துப் பார்த்தேன். கண்மணி தெரியவில்லை. கருவிழி முழுக்க அரிசி கழுவின தண்ணீரின் நிறம். கையை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டேன். செல்வி வாசலிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"எப்பம் தெளியும்க்கா?"

"தெளியாது மாரி" என்றேன். "உள்ள உள்ளது போயிட்டு. இதை எடுத்துட்டு வேற ஆளுக்க கருவிழி வைக்கணும். வைக்கலாம். டாக்டர் வைப்பாங்க. அதைச் சொல்லத்தான் நான் இப்பம் இங்க இருக்கேன்."

அவன் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெளியே லாரி ஒன்று மேடேறுகிற சத்தம் கேட்டு முடிந்தது.

"அதுக்கும் அளவு உண்டுமாக்கா?"

"இல்லடே" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தேன், அவனுக்குத் தெரியாது. "அதுக்கு அளவு கெடையாது. நீ வந்தாப் போதும். அடுத்த மாசம் இல்ல, இன்னைக்கு. ஆட்டோ நான் விளிக்கேன், உன் கையப் பிடிச்சு நானே கொண்டுபோறேன்."

அவன் நெடுநேரம் என் குரல் வந்த பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "செல்வி, சட்டைய எடு" என்றான்.